பிள்ளைகளை ஒப்படைக்கும் இடத்திற்கு ஓர் அளவுகோல்

(சங்க ஆண்டு விழாவில் சிறுவர் பகுதிக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நடனத்திற்கும் நாடகத்திற்கும் இடையில் பேச வருபவர் நீட்டிப் பேசலாகாது என்பது இச்சங்கத்தின் எழுதாத சட்டம். அதனை நாங்கள் மதிக்கிறோம். மேடையில் சொல்ல இயலாத சில எண்களை மலருக்கென இவ்வடிவில் சேர்த்துள்ளோம். எண்களைக் காதால் கேட்டால் உறக்கம் வரும். கண்ணால் கண்டால் கூட்டிப் பார்க்கத் தோன்றும். குழுவில் உள்ள நாங்கள் பெரும்பாலும் இரயில்வே எழுத்தர்கள். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு பணிக்கு வந்தவர்கள். கல்வி நிபுணர்கள் அல்லோம். எனினும் எண்ணவும் அளக்கவும் அறிவோம். இன்று கூற வந்ததற்கு அவ்வளவே போதும்.

நம் சங்கத்தின் நிழலில் நான்கு காரியங்கள் நடைபெறுகின்றன. காலையில் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பாலர்க்கு வகுப்பு. மாலையில் மாடியறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட உதவி. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு. கோடையில் பத்து நாள் முகாம். இவற்றுள் எதுவும் திட்டமிட்டுத் தொடங்கப்பட்டதன்று. தேவை நெருக்கியதால் தோன்றியவை. ஊரில் ஆனால் பாட்டி இருப்பார், சித்தி இருப்பார், ஒருவரும் இல்லையேல் எதிர்வீட்டுத் திண்ணையாவது இருக்கும். கணவருக்கு இரவு டியூட்டி, மனைவிக்குப் பகலில் அலுவலகம் என்று இந்தக் காலனியில் வாழும் குடும்பத்தில் மூன்று வயதுக் குழந்தை எங்கே இருக்கும்? சங்கத்தில் இருக்கும். அதனைப் பெருமையாகவே சொல்லி வருகிறோம், பெருமைதான்.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில், மாறுதலாகிப் புதிதாக வந்த ஒரு தாய் எழுந்து, "இங்கே பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று வினவினார். உடனே பல குரல்கள் எழுந்தன. "நம் அக்காமார் பார்த்துக்கொள்கிறார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்றார் ஒருவர். "பிழைக்க வந்த ஊரில் ஒருவரையொருவர் நம்பாமல் எப்படி?" என்றார் மற்றொருவர். அந்த அம்மையார் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் உட்காரவில்லை. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எப்படி என்று கேட்டார். நல்லவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அதற்கு விடையாகாது.

நம் தொழிலையே எண்ணிப் பாருங்கள். சரக்கு வண்டி ஒன்று யார்டிலிருந்து புறப்படப் பிரேக் பவர் சான்றிதழ் வேண்டும். வண்டி ஓட்டுபவர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவராக இருக்கலாம். பழகுவதற்குத் தங்கமான மனிதராக இருக்கலாம். சான்றிதழ் இல்லையேல் வண்டி நகராது. இதனால் தம்மை அவமதித்துவிட்டதாக எந்த ஓட்டுநரும் இதுவரை முகம் சுளித்ததில்லை. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் இருக்கும் இந்த முறை நம் பாலர் வகுப்பிற்கு இல்லை. மூட்டைக்கு ரசீது கேட்கும் நாம், பிள்ளையை விட்டுவிட்டு வரும்போது கேட்பதற்கு ஒரு கேள்வியும் வைத்திருப்பதில்லை.

நம் நாட்டில் இதற்கான அளவுகள் இல்லாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த முன்மழலைப் பருவப் பராமரிப்பு, கல்விக் கொள்கையில் அவை எண்களாகவே எழுதப்பட்டுள்ளன. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர்; மூன்று வயது நிறையாத குழந்தைகளாயின் 10 பேருக்கு ஒருவர். நாள்தோறும் மூன்று அல்லது நான்கு மணி நேரம். 30 குழந்தைகள் கொண்ட குழுவிற்கு 35 சதுர மீட்டருக்குக் குறையாத வகுப்பறை. அதற்கும் முன், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என்றது. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் விலக்கியது. இவை அரசுக்கும் பள்ளிகளுக்கும் எழுதப்பட்டவை, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். குழந்தையின் உடம்பு அரசுக் கட்டடத்தில் ஒரு பரப்பையும் சங்கக் கட்டடத்தில் வேறொரு பரப்பையும் அடைத்துக்கொள்வதில்லையே!

ஆகவே அளவு நாடாவை எடுத்தோம். பாலர் வகுப்பு நடக்கும் பின்னறை 12 அடி அகலமும் 15 அடி நீளமும் உடையது. 180 சதுர அடி. 35 சதுர மீட்டர் என்பது சுமார் 377 சதுர அடி. அதில் 30 பேர் என்றால் ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டரை சதுர அடி வருகிறது. அந்தக் கணக்கின்படி நம் பின்னறையில் 14 குழந்தைகள் இருக்கலாம். இருப்பவர்கள் 31 பேர். அக்காமார் இருவர் உள்ளமையால் ஆள் கணக்கில் தேறுகிறோம். ஆனால் ஒருவர் ஒரு குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றால், அந்த ஐந்து நிமிடம் மற்றவரிடம் 30 பேர். இடக் கணக்கிலோ எந்த நிமிடத்திலும் தேறவில்லை. பிள்ளைகள் ஏன் ஓயாமல் ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள், கிள்ளிக்கொள்கிறார்கள் என்று தாய்மார்கள் சிலர் வருந்தினீர்கள். பண்டிகைக் கூட்டத்தில் ஏறிய பொதுப்பெட்டிப் பயணிகள் என்ன செய்கிறார்களோ அதையே அவர்களும் செய்கிறார்கள். குணக்கேடு ஒன்றும் இல்லை.

அளவு என்றதும் பதிவேடு என்று பொருள் கொண்டுவிடுவது எழுத்தர் குலத்தின் வழக்கம். அதையும் சொல்லிவிட வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் அங்கன்வாடிகளாகப் பரவியிருக்கிறது. ஒரு காலத்தில் அங்கன்வாடி ஊழியர் பதினொரு பதிவேடுகள் எழுத வேண்டியிருந்தது. 2021 முதல் கைப்பேசியில் போஷன் டிராக்கர் என்னும் செயலியில் பதிய வேண்டியுள்ளது. பதிவேடு நிறைந்திருந்தால் மையம் நன்றாக நடப்பதாக மேலிருந்து பார்ப்போர்க்குத் தோன்றும். பதிவேடு எழுதியே வயிறு வளர்க்கும் எங்களுக்கு அதன் மாயம் நன்கு தெரியும்.

எனினும் காலனிக்கு வெளியே உள்ள ஓர் அங்கன்வாடிக்கு நாங்கள் சென்றிருந்தபோது கண்டது வேறு. ஓட்டுக் கூரையின் கீழ் ஓர் அறை. உத்தரத்தில் தொங்கும் எடைக் கருவி. ஊழியர் ஒரு குழந்தையை நிறுத்தபின், வளர்ச்சி அட்டையில் புள்ளியிட்டுத் தாயிடம் காட்டினார். "பாருங்கள், மற்றக் கோடு மேலே போகிறது, இவளுடையது இரண்டு மாதமாகப் படுத்துவிட்டது. வயிற்றுப்போக்கு இருந்ததா?" என்று இந்தியில் வினவினார். இருந்ததாம். அத்தாய் மறுநாளே மருத்துவமனைக்குச் செல்வதாகக் கூறினார். குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருந்தது. பார்த்தால் நோய் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கோடு காட்டியது. தரத்திற்கு அளவு வைப்பதன் பயன் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிராமல் போயிற்று. அந்த அம்மையாரின் பதிவேடுகளை நாங்கள் கேட்கவில்லை.

இனிக் கூறப்போவது துயரச் செய்தி. விழா நாளில் கூறலாமா என்று தயங்கினோம். ஆனால் அது ஒரு விழா நாளில் நிகழ்ந்தது என்பதாலேயே கூற வேண்டியதாயிற்று. 1995 டிசம்பர் 23 அன்று அரியானா மாநிலத்தின் மண்டி டப்வாலியில், ஒரு பள்ளியின் ஆண்டு விழா திருமண மண்டபம் ஒன்றில் நடந்தது. மேலே செயற்கை இழைத் துணியாலான பந்தல். பிள்ளைகள் வேடமிட்டு ஆடிக்கொண்டிருந்தனர். பெற்றோர் நம்மைப் போலவே நெருக்கி அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். மின்கசிவால் பந்தல் தீப்பற்றியது. வெளியேற ஒரே வாயில். சில நிமிடங்களில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் குழந்தைகள்.

கும்பகோணத்தைப் பற்றி நம்மிடம் சொல்ல வேண்டுவதில்லை. தஞ்சைச் சீமைக் குடும்பங்கள் இக்காலனியில் பல உள்ளன. 2004 ஜூலை 16. சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள். அதன் பிறகு தொடுக்கப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையும் அடங்கும் என்று கூறியது. தீயணைப்புக் கருவிகளும், அவற்றைக் கையாளும் பயிற்சியும், கட்டட விதிகளும் பள்ளிகளுக்குக் கட்டாயமாயின. டப்வாலிக்கும் கும்பகோணத்திற்கும் இடையே ஒன்பது ஆண்டு இருந்தது. விதிகள் அப்பொழுதும் ஏட்டில் இருந்தன. இந்தப் படியில் பிள்ளைகள் இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருவர் நின்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை.

நம் மாடியறைக்கும் ஒரே படிக்கட்டுதான். அதன் கீழே இரு சைக்கிள்களும், உடைந்த நாற்காலிகளும், சென்ற விழாவின் தட்டிகளும் இருந்தன. ஒரு மாலை, முன்னறிவிப்பின்றி மணியடித்துப் பிள்ளைகளை இறங்கச் சொன்னோம். 43 பிள்ளைகள் இறங்க நான்கு நிமிடம் ஆயிற்று. சாமான்களை அகற்றி, செருப்புகளை வெளியே விடச் செய்து, மறு வாரம் மீண்டும் மணியடித்தோம், ஒன்றரை நிமிடம். செலவு ஒரு காசு இல்லை. இன்று இப்பந்தலின் மேற்குப் புறத்தையும் திறந்துவிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். குளிர்காற்று வருகிறதே என்று முணுமுணுத்த பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். சமையல் அடுப்பையும் காபி அடுப்பையும் மதிலுக்கு அப்பால் கொண்டு சென்றதற்கும் காரணம் அதுவே. காபி சற்று ஆறி வருவதாகப் புகார் வந்துள்ளது, ஒப்புக்கொள்கிறோம்.

உணவைப் பற்றி ஒரு சொல். 2013-ஆம் ஆண்டு, அதே ஜூலை 16-ஆம் நாள், பீகாரில் சரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவுண்ட 23 குழந்தைகள் இறந்தனர்; சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் உண்டு பார்க்க வேண்டும் என்பது மதிய உணவுத் திட்டத்தின் விதி. கோடை முகாமில் நாமும் அதனை மேற்கொள்ளலாம். யார் உண்பது என்பதற்குப் போட்டி இருக்காது என்று நம்ப முடியவில்லை. நம் சமையற்காரர் கைப்பக்குவம் அப்படி.

இனி, பலரும் பேச விரும்பாத பொருளுக்கு வருகிறோம். நாங்கள் எழுதிய நிபந்தனைகளில் மிகுந்த எதிர்ப்பைப் பெற்றது ஆறாவது. வகுப்பிலோ முகாமிலோ எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது. தொண்டு செய்ய வருபவர் யாராயினும், குழு உறுப்பினராயினும், காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று தர வேண்டும் என்பது அது. "இருபது ஆண்டாகப் பழகியவரிடம் போலீஸ் சான்று கேட்பதா?" என்று கொதித்தவர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தம் பொய்யன்று. நாம் இங்கு உறவைத் தேடி எடுத்துக்கொண்டவர்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் மாமா ஆகிறார். மேல் வீட்டார் அத்தை ஆகிறார். அந்த உறவின் முகத்தில் காகிதத்தை நீட்டுவது கடினந்தான்.

ஆனால் பிள்ளைகளுக்குத் தீங்கிழைப்போர் பெரும்பாலும் அயலார் அல்லர். அவர்களுக்குப் பழகியவர்களே என்பது இத்துறையில் உழைப்போர் மீண்டும் மீண்டும் கண்டு கூறும் உண்மை. மாமா என்று அழைக்கச் சொல்லிக் கொடுத்த நாமே, அந்த மாமாவைப் பற்றிக் குழந்தை வாய்திறக்க இயலாதபடியும் செய்துவிடுகிறோம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவ்வாண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறையாத ஆண், பெண் அனைவரையும் அது குழந்தையாகவே கொள்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை; ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழுள்ளவரைப் பற்றித் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை. குடும்ப மானம், சங்க மானம் என்று பேசி, செயற்குழுவில் கூடிச் "சமாதானம்" செய்துவைக்க அச்சட்டத்தில் இடமே இல்லை. ஆறாவது நிபந்தனை தொண்டரையும் காக்கிறது. திறந்த கதவின் முன் இருந்து பாடம் சொன்னவர் மீது எவரும் வீண்பழி சுமத்த இயலாது. குழுவிலுள்ள ஐவரும் எங்கள் சான்றுகளுக்கு முதலில் மனுச் செய்துள்ளோம். 1098 என்னும் எண்ணைக் குழந்தைகளின் கண்ணுயரத்தில் சுவரில் எழுதியுள்ளோம். 1996-இல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவித் தொலைபேசியின் எண் அது. இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம். நம் கண்ணுயரத்தில் எழுதினால் பார்வையாளர்க்கு அழகாக இருக்கும் என்று கூறப்பட்டது. பார்வையாளர் அழைக்கப் போவதில்லை.

வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சமே கூற முடியும். எட்டாம் வகுப்பைக் கடந்ததும் அவர்கள் சங்கத்திற்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். செல்பேசிதான் காரணம் என்று நம்மிடையே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அவர்களையே கேட்கலாம் என்று ஒரு ஞாயிறு பன்னிருவரை அழைத்தோம். குழந்தைகளைப் பற்றிய காரியங்களில் அவர்களுடைய கருத்தைக் கேட்க வேண்டும் என்று உரைக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பர் 11 அன்றே ஏற்றுக்கொண்டது. நம் சங்கத்திற்கு அது வந்துசேரச் சிறிது காலம் பிடித்தது. "படிக்க வந்தால், சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க உட்கார வைத்துவிடுகிறீர்கள்" என்றான் ஒருவன். "யாரைக் கண்டாலும் மார்க் கேட்கிறீர்கள்" என்றான் இன்னொருவன். ஒரு பெண் மட்டும் வேறொன்று கூறினாள்: சங்கத்திலிருந்து குவார்ட்டர்ஸ் செல்லும் சந்தில் விளக்கு எரிவதில்லை, ஏழு மணிக்கு மேல் அவ்வழியே நடக்க அவளுக்கு அச்சம். விளக்கு எரியாமல் இரண்டு மாதமாம். நம்மில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாம் ஸ்கூட்டரில் வருகிறோம். உரிய இடத்தில் மனுக் கொடுத்துள்ளோம். விளக்கு எரியும் வரை, ஏழு மணிக்குப் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய்விட இருவர் வேண்டும். பெயர் தர விரும்புவோர் உரைக்குப் பின் எங்களைக் காணலாம்.

இப்பொழுது பொதுக்குழுவின் முன் உள்ள காரியம் இதுதான். பின்னறையில் 14 குழந்தைகளே இருக்கலாம் என்றால் மீதி 17 பேரை அனுப்பிவிடவா முடியும்? இரண்டு வழிகள் தோன்றுகின்றன. காலையிலும் நண்பகலிலுமாக இரு வேளை வகுப்பு நடத்தலாம். அப்படிச் செய்தால் ஒரு வேளைக்கு 15, 16 பேர். அளவிற்கு ஒன்றிரண்டு மிகும். அக்காமார் இருவரும் ஆறு மணி நேரம் உழைக்க வேண்டும். இப்பொழுது நாம் தரும் ஊக்கத்தொகைக்கு அதைக் கேட்பது அநியாயம். ஆகவே இன்னும் ஒருவரை அமர்த்த வேண்டும். பிற்பகலில் வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் நேரத்தோடும் இது ஒத்துவர வேண்டும்.

மற்றொரு வழி, அடுத்துள்ள சாமான் அறையைச் சேர்த்துக்கொள்வது. அது 12 அடிக்கு 16 அடி. 192 சதுர அடி. இடைச்சுவரை எடுத்தால் மொத்தம் 372 சதுர அடி; முப்பது பிள்ளைகளுக்கு வேண்டியதில் ஐந்து அடியே குறையும். அச்சுவரில் மாடியின் பாரம் இறங்குகிறதா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்காமல் ஒரு செங்கல்லையும் தொட மாட்டோம். அவ்வறையில் இப்பொழுது நாடகக் குழுவின் அரண்மனைத் திரை, காட்டுத் திரை, சிங்காதனம், முப்பது ஆண்டுக் கிரீடங்கள் ஆகியவை உள்ளன. அவற்றின் அருமையை நாங்கள் அறியாதவர் அல்லோம். அந்தச் சிங்காதனத்தில் ஏறி விழாதவர் இக்காலனியில் குறைவு. ஆனால் அவை ஆண்டில் இரு முறை வெளியே வருகின்றன. பிள்ளைகள் நாள்தோறும் உள்ளே வருகிறார்கள்.

எங்கள் குழுவில் இது பற்றி ஒருமனம் இல்லை. மூவர் சுவரை எடுக்கலாம் என்கிறோம். இருவர் இரு வேளை வகுப்பே சிக்கனம் என்கிறோம். இரண்டும் வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்பவர் மட்டும் எங்களுள் ஒருவரும் இல்லை. அடுத்த திங்களின் இரண்டாம் ஞாயிறன்று காலை பத்து மணிக்குப் பொதுக்குழு கூடுகிறது. ஒன்பது நிபந்தனைகளும் தமிழிலும், உதவியாளர் படிக்கும் பொருட்டு இந்தியிலும், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். சென்ற பொதுக்குழுவில் ஐம்பது ஆண்களும் நான்கு பெண்களும் இருந்தனர், அந்த நால்வரும் காபி கொடுக்க வந்தவர்கள். கேள்வி கேட்ட அந்த அம்மையாரையும் நேரில் சென்று அழைத்திருக்கிறோம். எங்கள் கணக்கில் ஐயமுள்ளவர்கள் அறையைத் தாமே அளந்து பார்க்கலாம். அளவு நாடா செயலாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நாடகக் குழுவினர் திரையை இழுக்கக் காத்திருக்கிறார்கள்.